மரம் குடிக்கும் நீரும் மரம் சேர்க்கும் நீரும்

மரம் வளர்த்தால் மழை பெருகும். மழை பெருகினால் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால் கிணறு ஊறும் என்று விழா மேடைகளிலே நாம் கூறி வருகிறோம். அதே ஊரில் ஏரியின் உள்வாய்ப் பக்கம் போனால், அங்கே மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலைச் சுட்டிக்காட்டி, "இந்த மரந்தான் ஐயா, ஊர்த் தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டது" என்று விவசாயிகள் கூறுகின்றனர். மரம் நீரைத் தருவதா, நீரைக் குடிப்பதா? இரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. எதுவும் முழு உண்மையன்று. எந்த மரம், எந்த மண், எவ்வளவு நெருக்கம், எந்த மாதம் என்னும் நான்கு கேள்விகளுக்கு விடை காணாமல் பொதுவாக மரத்தைப் போற்றுவதும் பழிப்பதும் பயன் தரா.

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்திலே இக்கேள்வி இப்போது வெறும் அறிவு விசாரணையாக இல்லை. 2022 செப்டம்பரில் பக்கத்து வண்டலூரில்தான் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கப்பெற்றது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 10 ஆண்டுகளில் 33 சதவிகிதமாக உயர்த்துவது அதன் நோக்கம். தொழிற்சாலைகளும் ஊராட்சிகளுக்கு மரக்கன்றுகள் வழங்க முன்வருகின்றன. கன்றுக்குப் பஞ்சமில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம் எனத் தொழிற்பேட்டைகள் விரிந்த பின்னர் ஊராட்சியிடம் எஞ்சியவை ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், சிறிது மேய்ச்சற்புறம்போக்கு, கோயில் நிலம் ஆகியவையே. அவற்றில் இன்று நடும் மரம் முப்பது, நாற்பது ஆண்டுகள் அவ்விடத்தின் நீரை ஆளப்போகிறது.

நம் மழையின் இயல்பு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஓர் ஏக்கர் நிலத்தின்மீது விழும் நீரை அளந்தால் அது 48 லட்சம் லிட்டருக்கும் மேலாகும். லண்டன் மாநகரில் பெய்வது இதில் ஏறத்தாழப் பாதிதான். ஆயினும் லண்டன் ஆண்டு முழுவதும் பசுமையாய் இருக்கிறது. நம் புறம்போக்கோ பங்குனியில் வெந்து கிடக்கிறது. இதன் காரணம் மழையின் அளவில் இல்லை. அதன் பங்கீட்டில் இருக்கிறது. நமக்கு ஆடி முதல் புரட்டாசி வரை மாலைநேர இடிமழையாக ஒரு பகுதியும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகப் பெரும்பகுதியும் கிடைத்துவிடுகின்றன. தை பிறந்தால் வானம் வெளுத்துவிடுகிறது. பிறகு வைகாசி வரை ஐந்து மாதங்கள் வெயிலும் காற்றும் நிலத்திலிருந்து நீரை வாங்கும் காலம். இவ்வாறு வாங்கும் ஆற்றலை ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் வரும். அதாவது, வானம் கொடுப்பதைவிட வானம் திரும்பக் கேட்பது அதிகம். இத்தகைய காலநிலையைப் பருவ வறட்சிக் காலநிலை என்று கூறலாம்.

எனவே ஐப்பசியில் வந்த நீரை வைகாசி வரை எங்கே வைத்திருப்பது என்பதே இந்நாட்டில் வாழும் ஒவ்வோர் உயிருக்கும் உள்ள பிரச்சினை. நம் முன்னோர் அதற்கு ஏரி வெட்டினர். மரங்கள் அதற்கு மண்ணையே ஏரியாகக் கொண்டன.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். சாதாரணச் செம்மண் கலந்த நிலத்தில் ஒரு மீட்டர் ஆழ மண், செடியின் வேர் எடுக்கத்தக்க நீராக ஏறக்குறைய 100 மில்லிமீட்டரைத் தேக்கிவைக்கும். களிமண் இதனினும் கூடுதலாகத் தேக்கும். இலை நிறைந்த பயிரோ மரக்கூட்டமோ நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் செலவிடுவதாகக் கொண்டால், ஒரு மீட்டர் வேருள்ள பயிர் 33 நாளில் அந்தக் கையிருப்பைத் தீர்த்துவிடும். மார்கழியில் மழை நின்றால் தையிலேயே அது வாடும். 4 மீட்டர் வேருள்ள மரத்துக்கு அதே கணக்கில் 130 நாட்களுக்கு மேல் கையிருப்பு உண்டு. சித்திரை வரை தாங்கும். கேழ்வரகு பட்டுப்போன வயலின் வரப்பிலே வேம்பு தழைத்து நிற்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் 4 மீட்டர் மண் எல்லா இடத்திலும் இருக்கிறதா? வண்டலூர், பல்லாவரம் பக்கத்தில் கடும்பாறை மேலே எழும்பி நிற்கிறது. திருப்பெரும்புதூரின் அடியிலோ களிக்கல்லும் மணற்கல்லுமாகிய பழம் படிவங்கள் உள்ளன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செடிகொடிகளின் இலையச்சுக்கள் அவற்றிற் காணப்படுவதால், நிலப்பொதியியலார் இவ்வூரின் பெயரையே அப்படிவங்களுக்கு இட்டுள்ளனர். இன்று மோட்டார் வண்டிகளால் அறியப்படும் ஊர், அறிவுலகில் செடிகளால் முதலில் அறியப்பட்டது என்பது ஒரு வேடிக்கை. அது நிற்க. ஒரு கிணற்றில் வெட்டுக்கல்லும் களியும் அடுக்கடுக்காக இருக்க, அடுத்த கிணற்றில் எட்டடியிற் பாறை தென்படும் வட்டாரம் இது. ஆதலால் மரம் நடுமுன் அருகிலுள்ள கிணற்றின் பக்கச்சுவரை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது. அதுவே நமக்குக் கிடைக்கும் மண் பரிசோதனை அறிக்கைகளிற் சிறந்தது.

நீர் மேலே ஏறும் விதம்

மரத்துக்கு இதயம் இல்லை, பம்பு இல்லை. ஆயினும் அறுபது அடி உயரத்து இலைக்கு நீர் செல்கிறது. இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் பல்லாயிரம் உள்ளன. உணவு சமைக்கக் கரியமிலவாயு அவற்றின் வழியே உட்புக வேண்டும். துளை திறந்தவுடன் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும். ஆவியாகிப்போகும் நீர் தன் பின்னேயுள்ள நீரை இழுக்கிறது. அந்த இழுப்பு மெல்லிய நீர்க்குழாய்களின் வழியே வேர்வரை செல்கிறது. நீர்த்துளிகள் ஒன்றையொன்று சங்கிலிபோற் பற்றியிருப்பதால் இது இயலுகிறது. 1894 ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து டிக்சன், ஜோலி என்னும் இருவர் இக்கருத்தை வெளியிட்டனர். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ், உயிருள்ள அணுக்களின் துடிப்பே நீரை ஏற்றுகிறது என்று கருதி 1923 இல் ஒரு நூலே எழுதினார். அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டது முன்னவர்களின் கருத்தையே.

வேர் எடுக்கும் நீரில் மரத்தின் உடலில் தங்குவது மிகச் சொற்பம்; நூற்றில் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் ஆவியாகப் போய்விடுகிறது. இது வீண் அன்று. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. ஒரு பெரிய மரம் நாளில் 100 லிட்டர் ஆவியாக்கினால் 60 யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை அது சுற்றுப்புறத்திலிருந்து நீக்குகிறது. தொழிற்சாலையின் தகரக் கூரைக்கும் புளியமர நிழலுக்கும் உள்ள வித்தியாசம் வெயிலை மறைப்பதில் மட்டும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

சங்கிலி என்றேன், சங்கிலி அறுபடுவதும் உண்டு. மண் காயக்காய இழுப்பு கடுமையாகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் குழாயினுள் காற்றுக் குமிழி புகுந்து நீர்த்தொடர் அறுந்துவிடும். கோடையில் மரம் சாவது பெரும்பாலும் இவ்வாறுதான். அந்த எல்லையை அணுகாமல் காலம் தள்ளுவதற்கு நம் மரங்கள் கைக்கொள்ளும் உபாயங்கள் பல.

உதிர்ப்பவை, பொறுப்பவை, சேமிப்பவை

ஒதியமரம், இலவமரம், கொன்றை முதலியவை இலை உதிர்ப்பவை. இவற்றின் நீர்க்குழாய்கள் பெரும்பாலும் அகன்றவை. மழைக்காலத்தில் தாராளமாக நீரை ஏற்றி விரைந்து வளரும். அகன்ற குழாயில் குமிழி புகும் ஆபத்து அதிகமாதலின் வறட்சி தொடங்கியவுடன் கடையைக் கட்டிவிடுகின்றன. இலை இல்லையெனில் செலவு இல்லை.

உலக்கைப்பாலை, வீரை, காசான் போன்றவை இதற்கு மாறானவை. சிறிய, தடித்த, மெழுகு பூசினாற்போன்ற இலை, இரும்பையொத்த கனமான கட்டை, குறுகிய குழாய்கள். இவை மெதுவாகவே வளரும். ஆனால் கடும் இழுப்பையும் பொறுத்துக்கொண்டு சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். இம்மரங்களால் ஆன காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்பர். சோழமண்டலக் கரையோரத்தில் இது இயற்கையாக அமைந்த காடு. இந்தியாவில் இவ்வகைக் காட்டின் பரப்பு மிகவும் சுருங்கியது. எஞ்சியிருப்பவற்றிற் பல, ஐயனார் கோயிலையும் அம்மன் கோயிலையும் சுற்றியுள்ள தோப்புகளே. நம் வட்டாரத்தில் ஒரு கோயிலின் பின்புறம் முட்புதர் என்று கருதி இயந்திரத்தால் வெட்டித் தள்ளப்படும் இடத்தில் நூறாண்டு வயதுடைய வீரையும் காசானும் இருக்கக்கூடும். அவற்றின் அடிமரம் பருமனாக இராது. பார்த்தால் வயது தெரியாது. அத்தோப்புகளைச் சுத்தம் செய்ய விரும்பும் அன்பர்கள், முதலில் ஊர்ப் பெரியவர்களையோ வனத்துறையினரையோ கொண்டு மரங்களை அடையாளம் கண்டபின் கத்தியை எடுப்பார்களாக.

பனையின் வழி தனி வழி. பனைக்கு ஆணிவேர் இல்லை. கட்டுக்கட்டாகச் சல்லிவேர்கள் பரவிக் கரையின் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. அதன் தண்டு மற்ற மரங்களைப்போல் ஆண்டுதோறும் புதிய குழாய்களை உண்டாக்கிப் பருப்பதில்லை. ஒரு முறை அமைந்த குழாய்களே ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும். அதற்கேற்ப அதன் தண்டினுள்ளே பஞ்சுபோன்ற பாகத்தில் நீரைச் சேமித்துக்கொள்கிறது. ஓலைகளும் எண்ணிக்கையிற் குறைவு. ஏரிக்கரைக்குப் பனையைத் தேர்ந்த நம் முன்னோருக்குக் குழாய்க் கணக்குத் தெரிந்திராது. கரை நின்றதா, நீர் நின்றதா என்று பார்த்துத் தேர்ந்தார்கள்.

இனி ஒரு விந்தையைக் காண்போம். மாசியில் இலையுதிர்த்த வேம்பு பங்குனியில் துளிர்த்துச் சித்திரையிற் பூக்கிறது. வருடப்பிறப்புப் பச்சடிக்கு அது தவறுவதே இல்லை. புங்கும் அப்படியே, கொளுத்தும் வெயிலில் இளம்பச்சையாய் மின்னுகிறது. மழையோ இன்னும் மூன்று மாதம் கழித்துத்தான். கையிருப்பு மிகக் குறைந்த மாதத்தில் புதிய இலை விடுவானேன்? பழைய இலை உதிர்ந்தவுடன் செலவு நின்று, ஆழ்வேர் தரும் சிறிதளவு நீரால் தண்டு மீண்டும் நிறைகிறது. அந்நீரைக் கொண்டு துளிர் பிறக்கிறது. முதல் மழை விழும் நாளில் இலை தயாராயிருக்குமாதலால் ஒரு நாளும் வீணாவதில்லை. வேறொரு காரணத்தையும் முதுமலைக் காட்டில் ஆராய்ந்த முரளி, சுகுமார் என்னும் அறிஞர்கள் 1993 இல் எடுத்துக்காட்டினர். மழைக்கு முன்பே துளிர்க்கும் மரங்களுக்குப் பூச்சிகளால் நேரும் சேதம் குறைவு. மழைக்குப்பின் துளிர்ப்பவை பூச்சிகளின் பெருக்கத்தில் அகப்பட்டுக்கொள்கின்றன. ஆதலால் பங்குனித் துளிரைக் கண்டு, "இந்த மரத்துக்குத் தண்ணீர் கவலையில்லை" என்று நினைத்துவிடக் கூடாது. அது ஆழ் நிலத்துச் சேமிப்பில் கைவைத்துச் செய்யும் முதலீடு.

அந்த ஆழச் சேமிப்பும் எல்லையற்றது அன்று. அதே முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் பரப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டுக் கணக்கெடுத்து வருகின்றனர். மேல்மண் நீரை நம்பிய மரங்கள் வறட்சி வந்தவுடன் துன்புற்றன. ஆழ்வேருள்ளவை முதலில் தாக்குப்பிடித்தன. ஆனால் வறட்சி தொடர்ந்து பல ஆண்டு நீடித்து, ஆழ நீர் மீண்டும் நிரம்பாதபோது அவையும் மடியத் தலைப்பட்டன. ஓர் ஆண்டு மழை பெய்தவுடன் மேல்மண் நனைந்துவிடும்; அடிமண் நனையப் பெருமழை வேண்டும். நம் ஆழ்துளைக் கிணற்றின் கதையும் இதுவே.

தைலமரத்தின் கணக்கு

தைலமரம் நீரை உறிஞ்சுகிறது என்ற குறை நெடுநாளாக உண்டு. இதை வெறும் வாய்ப்பேச்சாக விடாமல் கருநாடகத்தில் அளந்து பார்த்தார்கள். 1980 களின் இறுதியிலும் 1990 களின் தொடக்கத்திலும் கால்டர் என்ற ஆங்கில நாட்டு நீரியல் அறிஞரும் இந்திய ஆய்வாளர்களும் அங்கே செய்த அளவீடு நடுவுநிலையானது. இரு கட்சியாருக்கும் கசப்பானது. மண் ஆழம் 3 மீட்டர் அளவில் இருந்த இடங்களில் தைலமரம் செலவிட்ட நீர், பக்கத்து இயற்கைக் காடு செலவிட்டதைவிட மிகுதி இல்லை. இரண்டுமே பெய்த மழையை ஏறக்குறைய முழுவதும் தீர்த்துவிட்டன. கேழ்வரகு வயல் செலவிட்டதோ இவற்றில் பாதியளவே. மண் மிக ஆழமாயிருந்த ஹொசகோட்டையில் மட்டும், மூன்றாண்டுகளில் தைலமரங்கள் செலவிட்ட நீர் அந்த மூன்றாண்டு மழையையும் விஞ்சிவிட்டது. வேர் ஆண்டுக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் கீழிறங்கி, பழைய சேமிப்பையும் எடுத்துக்கொண்டது.

ஆகக் குற்றம் மரத்தின் சாதியில் மட்டும் இல்லை. ஆழ மண்ணில், நெருக்கமாக, இடையறாது இலை தாங்கும் மரத்தை வைத்து, அது ஓயுமுன் வெட்டி மீண்டும் தளிர்க்க விடும் சாகுபடி முறையில் இருக்கிறது. நீலகிரியின் கிளென்மார்கன் பகுதியில் புல்வெளியைத் தைலத் தோப்பாக்கியபோது முதற் சுற்றிலேயே ஓடைநீர் சராசரியாக 16 சதவிகிதம் குறைந்ததென மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கண்டதும் இதற்கு அரண் செய்கிறது. நம் வட்டாரத்தில் சவுக்கும் தைலமும் பயிரிடும் உழவரைக் குறைகூற நான் முற்படவில்லை. ஆளும் தண்ணீரும் கிடைக்காத நிலத்தில் அது ஒன்றே கைகொடுக்கிறது. ஆனால் ஊராட்சிப் பொது நிலத்தில், அதிலும் ஏரிக்கு நீர் வரும் மேட்டுப்புறத்தில், அதனை நட யாதொரு காரணமும் இல்லை.

சீமைக்கருவேல்

1870 களில் விறகுப் பஞ்சம் தீர்க்கவென இந்நாட்டுக்கு இது கொண்டுவரப்பட்டது. அதைப் பற்றி இப்போது வழங்கும் செய்திகளில் ஒன்று, அது காற்றிலுள்ள ஈரத்தை இலையால் உறிஞ்சி மழையையே தடுத்துவிடுகிறது என்பது. இதற்கு ஆதாரம் இல்லை. நமக்கு மழை வங்கக்கடலிலிருந்து வருகிறது. ஊர் ஏரியிலுள்ள முட்செடி அதனைத் தடுக்கவும் மாட்டாது, நாம் நடும் நூறு மரங்கள் அதனை அழைக்கவும் மாட்டா. அமேசான் போன்ற பெருங்காட்டில் பெய்யும் மழையில் கணிசமான பங்கு அக்காடே வெளியிட்ட ஆவி என்பது மெய். அந்தப் பெருமையை நாம் பத்து ஏக்கருக்குப் பொருத்திப் பேசலாகாது.

ஒரு மரம் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் செலவிடுகிறது? எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் அளந்து 2021 இல் வெளியிட்ட கணக்கின்படி மரத்துக்கு மரம் வேறுபட்டு 1 லிட்டர் முதல் 36 லிட்டர் வரை. தனி மரமாகக் கருதினால் இது பெரிதன்று; ஒரு புளியமரம் இதனினும் செலவிடும். தீங்கு எங்கே வருகிறதெனில், ஓர் ஏக்கரில் நூற்றுக்கணக்காக அடர்ந்து, பிற மரங்கள் இலை உதிர்த்து ஓய்ந்த மாதங்களிலும் இது பச்சையாய் நின்று செலவிடுவதில்தான். இதன் வேர் நீரைத் தேடி எவ்வளவும் இறங்க வல்லது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சுரங்கம் ஒன்றில் இதன் இனத்து வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. ஏரியின் உள்வாயில் நிற்கும்போது அதற்கு அவ்வளவு சிரமமும் வேண்டியதில்லை. ஆறடியில் ஈரம் காத்திருக்கிறது.

மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2017 இல் இதனை அகற்ற உத்தரவிட்டதும், அதே ஆண்டில் சென்னையில் இடைக்காலத் தடை ஏற்பட்டதும், 2022 இல் மாநில அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றிய கொள்கையை வெளியிட்டதும் வாசகர் அறிந்தவை. வேரோடு பெயர்க்காமல் மேலே வெட்டினால் ஓராண்டில் முன்னினும் அடர்ந்து தளிர்க்கும். எனவே ஏரி தூர்வாரும் பணியோடு சேர்த்துச் செய்தால்தான் செலவு பயன் தரும். கரையின் சரிவில் உள்ளவற்றை வேரோடு இயந்திரத்தாற் பிடுங்கினாலோ கரை இளகிவிடும். அங்கே சிறிது சிறிதாக வெட்டி, இடையில் பனையும் புங்கும் வேர்பிடிக்க விட்டு மாற்ற வேண்டும். விறகு வெட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் நிலமற்றவை. அகற்றும் பணியின் கூலியும் விறகும் அவர்களுக்கே கிடைக்கும்படி தீர்மானத்தில் எழுதிவிடுவது முறையாகும்.

எவ்வளவு மரம் போதும்?

இதுவரை கூறியதைப் படித்து, மரமே இல்லாவிடில் நீர் மிஞ்சுமே என்று ஒருவர் வாதிக்கலாம். மிஞ்சாது. வெறும் நிலத்தில் மழைத்துளி நேரே விழுந்து மேல்மண்ணை அடித்து இறுக்குகிறது; ஆடு மாடுகளின் குளம்பும் லாரிச் சக்கரமும் மீதியைச் செய்கின்றன. இறுகிய நிலத்தில் மழை நீர் உள்ளே புகாமல் ஓடிவிடுகிறது. மரத்தடியில் சருகு மெத்தை துளியின் வேகத்தைத் தணிக்கிறது. மக்கிய வேரின் துவாரங்களும், எறும்பும் கறையானும் மண்புழுவும் இட்ட வழிகளும் நீரை ஆழத்துக்கு இட்டுச் செல்கின்றன.

ஆக மரம் ஒரு கையால் நீரைச் செலவிட்டு, மறு கையால் நீரை உள்ளே விடுகிறது. எந்தக் கை ஓங்குகிறது? ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோ நாட்டில், நம்மைப்போலவே ஒரு பருவ மழையும் நீண்ட வறட்சியும் உள்ள நிலத்தில், இல்ஸ்டெட் முதலிய ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டனர். மரமே இல்லாத வெளியில் நீர் கீழே இறங்குவது குறைவு. மரம் அடர்ந்த இடத்திலும் குறைவு. மரங்கள் இடைவெளிவிட்டு நிற்கும் நிலத்தில்தான் நிலத்தடிக்கு மிக அதிக நீர் சேர்ந்தது. ஒரு மரத்தின் நன்மை அதன் நிழலைத் தாண்டிச் சில மீட்டர் தூரம் வரை மண்ணில் பரவுகிறது. செலவோ அதன் இலைப்பரப்பளவே. முதல் மரங்கள் செலவைவிட வரவு தருகின்றன. மேலும் மேலும் நெருக்கினால் செலவு மட்டுமே கூடுகிறது.

மரங்கள் தமக்குள் நீரைப் பகிர்வதும் உண்டு. ஆழ்வேர் பகலில் இலைக்கு இழுத்துக்கொடுத்த நீரை, இலைத்துளை மூடிய இரவில் காய்ந்த மேல்மண்ணிலுள்ள வேர்கள் வழியே சிறிது கசியவிடுகிறது. 1987 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு புதர்ச்செடியில் இதனைக் கண்டு நிறுவினர். வேம்பின் கீழ்ச் சில செடிகள் கோடையிலும் உயிரோடிருப்பதைக் கண்டு வியந்தவர்கள், நிழலோடு இக்காரணத்தையும் எண்ணிப் பார்க்கலாம்.

நம் ஊர்களில் எங்கே, எவற்றை?

இவ்வட்டாரத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்கிறது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து உபரி நீர் அடையாறாகிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட நேர்ந்ததும், நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே ஏரி வறண்டு வெடித்ததும் ஒரே நோயின் இரு முகங்கள். மேட்டு நிலத்தில் விழும் மழை உள்ளே இறங்காமல் ஒரே நாளில் ஓடிவருமானால், வெள்ளமும் வரும், வறட்சியும் வரும். நம் மேட்டுப் புறம்போக்கின் சிறு தோப்பு சென்னை மாநகரத்துக்கும் சம்பந்தமுடையது.

ஏரியின் உள்வாயில் எதையும் நடவேண்டா என்பது என் கருத்து. 1981 இல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடு திட்டத்தில் ஏரிகளுக்குள் நாட்டுக் கருவேல் வளர்த்தனர்; ஊருக்கு விறகும் ஊராட்சிக்கு வருமானமும் கிடைத்தன. அக்காலத்துத் தேவை அது. இன்று எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. விறகைவிடத் தண்ணீரின் விலை ஏறிவிட்டது. இருப்பினும் சில ஆண்டுகளாக, குறுகிய இடத்தில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று வைத்து வளர்க்கும் ஜப்பானிய மியாவாகி முறைக் காடுகளை ஏரிக்கரையை ஒட்டியே அமைத்துத் தரத் தொழிற்சாலைகள் சில விரும்புகின்றன. அம்முறை ஆண்டு முழுவதும் மழைபெறும் நாட்டிற் பிறந்தது. ஊர்ச் சாவடி அருகிலும், பள்ளி மதிலோரத்திலும், புகையும் தூசியும் வரும் சாலைப்பக்கத்திலும் அரை ஏக்கர் அமைப்பதில் தடையில்லை. குளிர்ச்சியும் பறவையும் வரும். நீர் சேர்க்கும் திட்டமென்று அதனைக் கணக்கில் எழுதுவதுதான் பொருந்தாது.

மேட்டுப் புறம்போக்கில் ஏக்கருக்கு நாற்பது ஐம்பது மரம் போதும்: வேம்பு, புளி, இலுப்பை, வாகை, ஆங்காங்கே உலக்கைப்பாலை. இடையே புல் வளரட்டும். மேய்ச்சலை முறைவைத்து அடக்கினால் மண் இறுகாது. சரிவுக்குக் குறுக்கே சிறு வரப்பு வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் புங்கு, மருது, நாவல். நீர் மிகுந்த இடத்தில் நீரை விரும்பும் மரம் நிற்பதே பொருத்தம். கரையில் பனை.

தொழிற்பேட்டைக்குள் பசுமைப் பகுதி வைப்போருக்கும் ஒரு வார்த்தை. நாள்தோறும் சொட்டுநீர் விட்டு வளர்த்த மரத்தின் வேர் ஓரடிக்குக் கீழே இறங்காது. அதற்கு இறங்க வேண்டிய அவசியமே இல்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து விடுவதாயின் சரி. பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து லாரியில் வாங்கிய நீரைப் பாய்ச்சிக் கோடையில் புல்வெளியைப் பச்சையாக வைப்பது, ஊரின் சேமிப்பை ஆவியாக்குவதாகும். அவர்களது கூரைமீது ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் விழுகிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவது ஊராட்சிக்கு உரிமையுள்ள காரியமே.

நடும் காலம்

உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5 இல் வருகிறது. அன்று நம் மண் கொதித்துக் கொண்டிருக்கும். புகைப்படத்துக்கு ஏற்ற நாள். கன்றுக்கு ஏற்ற நாளன்று. நம் மாவட்டத்தில் குழியை ஆடியில் எடுத்து ஆறவிட்டு, புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசி முதலிலும் நட்டால், இரண்டு மாத மழையில் வேர் இறங்கிவிடும். பையில் நெடுநாள் வைத்திருந்து வேர் சுருண்டுபோன உயரமான கன்றைவிட, முழங்கால் உயரமுள்ள இளங்கன்று மேல்; சுருண்ட ஆணிவேர் பிறகு நேராவதில்லை. தை முதல் வைகாசி வரை நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றுவதற்குப் பதில் பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம் ஊற்றிச் சருகால் மூட வேண்டும். நீர் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு ஆழம் வேரும் போகும். இரண்டு கோடை கடந்தபின் நீர் விடுவதை நிறுத்திவிடலாம்.

வேப்பங்கொட்டை ஆனி, ஆடியில் கிடைக்கும். சில வாரங்களிலேயே அதன் முளைப்புத் திறன் குறைந்துவிடுமாதலால் பொறுக்கியவுடன் விதைக்க வேண்டும். பனங்கொட்டைக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ஆவணியிலும் புரட்டாசியிலும் உதிர்ந்த பழத்தின் கொட்டைகளைப் பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டு சேர்த்து, கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்றாக, ஓரடிக் குழியில் புதைத்துவிட்டால் போதும்; தண்ணீர் ஊற்ற வேண்டுவதில்லை. முதல் ஓலை தரைக்குமேல் தெரியப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் அந்த இடத்தில் வேறு எவரும் மண் எடுக்காதபடி, கொட்டை புதைத்த கரையின் நீளத்தை ஊராட்சிப் பதிவேட்டில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.